குடியும் மனநோயும் சேர்ந்தவர் தெருவில் இருந்தால்: மட்டக்களப்பில் உதவ வருவோருக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு பஸ் நிலையத்து வாங்குகளிலும் சந்தைப் பக்கத்துக் கடைத் திண்ணைகளிலும் கோயில் மடங்களிலும் இரவைக் கழிக்கிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முன்வருகிறவர்களுக்கு இது. கோயில் நிர்வாக சபை, பள்ளிவாசல், தேவாலயம், இளைஞர் கழகம், ஓட்டோக்காரர்கள், யாராக இருந்தாலும் சரி, செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

புதிதாக வருகிறவர்களிடம் இரக்கம் நிறைய இருக்கிறது. பிழையாகிப்போவது எதை முதலில் செய்வது என்ற வரிசைதான். முதல் நாளே "குடியை விடுங்க, எல்லாம் செய்து தாறம்" என்கிறார்கள். அந்த மனுசர் தலையாட்டுவார். அடுத்த நாள் குடித்திருப்பார். வந்தவர்கள் வெறுத்துப் போய் நின்றுவிடுவார்கள். அவருக்கோ, இன்னொரு கூட்டமும் கைவிட்டுப் போனது என்பது மட்டும் மிஞ்சும். ஆகவே எந்த உதவிக்கும் குடியை நிறுத்துவதை நிபந்தனையாக வைக்காதீர்கள். கீழே உள்ள வரிசை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

1. போவதற்கு முன்

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் சுற்றுமுற்றும் கவனிக்க வேண்டும். நாலைந்து பேர் சூழ்ந்து நின்றால், ஏற்கெனவே யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்ற பயத்தில் இருப்பவர் எழுந்து ஓடிவிடுவார். பெண் ஒருவரைப் பார்க்கப் போவதென்றால் உங்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும்.

முதலில் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். கிளினிக் எந்த நாட்களில், புதிய நோயாளியை எந்த வழியாகக் கொண்டுவருவது, சமூக சேவை உத்தியோகத்தரை எப்போது சந்திக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வேலை செய்கிறவர்கள் அங்குள்ள வைத்தியசாலையில் இதையே கேட்க வேண்டும். ஒருவர் "சரி, வாறன்" என்று சொல்லும் நேரம் மிகவும் குறுகியது. அந்த நேரத்தில் நீங்கள் போனில் விசாரித்துக்கொண்டு நின்றால் அவர் மனம் மாறிவிடும்.

மூன்று இலக்கங்கள் கையில் இருக்கட்டும். 1990 இலவச அம்புலன்ஸ். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் உதவி இலக்கம்.

பையில் தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்), பிஸ்கட், சவர்க்காரம், ஒரு சாரம், கையுறை, காயத்துக்குக் கட்டும் துணி. காசு கொடுக்க வேண்டாம். குடித்துவிடுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. காசு கைமாறியதை வேறு யாராவது பார்த்திருந்தால் அன்றிரவே அவரை அடித்துப் பறிப்பார்கள்.

2. முதல் பேச்சு

கடை திறக்கும் முன் போங்கள். திறந்ததும் திண்ணையிலிருந்து எழுப்பி விரட்டிவிடுவார்கள், பிறகு நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

நின்றுகொண்டு பேசாதீர்கள். இரண்டு முழத் தூரத்தில், அவர் எழுந்து போக வழி விட்டு, அதே நிலத்தில் குந்துங்கள். வயதைப் பார்த்து ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, நானா என்று கூப்பிடுங்கள். ஊரில் எல்லோரும் அவரை "டேய், விசரா" என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். மரியாதையாக ஒரு சொல் காதில் விழுந்தாலே சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"ஐயா, நான் இந்தப் பக்கம்தான். தேத்தண்ணி வாங்கிட்டு வந்தனான், குடிக்கிறீங்களா? கால் வீங்கியிருக்கு, நோகுதா?" என்ற அளவில் தொடங்கலாம். ஊர், குடும்பம், குடி மூன்றையும் முதல் நாளில் கேட்கவே வேண்டாம். 2004 சுனாமியிலோ யுத்தத்திலோ ஆட்களை இழந்தவராக இருக்கலாம், "பிள்ளைகள் எங்க?" என்ற ஒரு கேள்வியோடு பேச்சே நின்றுபோகும். அவருக்கு இன்று என்ன வேண்டும் என்று கேளுங்கள். செருப்பு என்றால் செருப்பு. அடுத்த தடவை அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சொன்னது நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

படம் எடுக்காதீர்கள். முகநூலில் போட்டால் உதவி வரும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். வீட்டார் வெட்கப்பட்டு இன்னும் விலகிப்போவதுதான் நடக்கிறது.

3. உடம்பை முதலில் பாருங்கள்

வெறி என்று எல்லோரும் தாண்டிப் போகும் ஆட்களில் சிலர் வெறியில் இருப்பதில்லை. தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிகிறவருக்கும் நாக்குக் குழறும், நடை தள்ளாடும். சீனி வியாதிக்காரருக்குச் சீனி இறங்கினாலும் அப்படித்தான். கடும் காய்ச்சலிலும் பிதற்றுவார்கள். சாராய மணம் வருவதால் இவை இல்லை என்று ஆகிவிடாது. நீண்ட காலம் குடிப்பவர் விழுந்து தலையில் அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இவற்றில் எது இருந்தாலும் 1990க்கு அழையுங்கள்: கூப்பிட்டும் கிள்ளியும் விழிக்காதது, மூச்சு மெதுவாகவோ குறட்டைபோல் இழுத்தோ வருவது, வலிப்பு, தலையில் புதிய காயம், ஒரு பக்கக் கைகால் இயங்காதது, இரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது.

கண் மங்குகிறது, எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்று கசிப்பு (களவாகக் காய்ச்சும் சாராயம்) குடித்த ஒருவர் சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மெதனோல் கலந்திருக்கலாம். அறிகுறி தெரியப் பல மணி நேரம் எடுக்கும், அதற்குப் பிறகு பார்வை நிரந்தரமாகப் போகலாம், உயிரும் போகலாம். அதே போத்தலில் குடித்த மற்றவர்களையும் தேடிப் பிடியுங்கள்.

அம்புலன்ஸ் வரும்வரை ஆளைப் பக்கவாட்டில் சரித்து வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. வெறி முறிக்க என்று மயங்கியவரின் வாயில் தேசிக்காய்த் தண்ணியோ மோரோ ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் இன்னும் நம் ஊரில் நடக்கிறது. இரும்பால் வலிப்பு நிற்காது, பல்லும் தாடையும்தான் உடையும்.

அவசரம் இல்லாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். காலில் ஆறாத புண், சொறி இவற்றை ஒருநாள் கழுவிக் கட்டிவிடுவது, பத்துப் பிரசங்கத்தைவிட அவரை உங்களிடம் நெருங்கவைக்கும்.

4. எதை, எவ்வளவு, கடைசியாக எப்போது

இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகு இதைக் கேட்கலாம். குற்றம் சாட்டும் தொனியே இருக்கக் கூடாது. "காலையில எழும்பினதும் கை நடுங்குதா ஐயா? அதுக்கு எவ்வளவு எடுத்தாச் சரியாகும்?" என்று கேட்டால் உண்மையே சொல்வார்கள். கேட்பதற்குக் காரணம், ஒவ்வொன்றையும் விடும்போது வரும் ஆபத்து வேறு வேறு.

சாராயம், கசிப்பு. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பல வருடம் தினமும் குடித்தவரை ஒரு அறையில் வைத்துப் பூட்டி, "மூன்று நாள் குடிக்காம இருந்தாச் சரியாகிடும்" என்கிறார்கள். அந்த மூன்று நாள்தான் ஆளைக் கொல்லக்கூடியது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு நேரம் இடம் தெரியாமல் போய், இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் கண்டு பயந்து, காய்ச்சலடித்து உடல் பதறும். வைத்தியசாலையில் இதற்கு மருந்து உண்டு. வீட்டிலோ மடத்திலோ இல்லை. அதனால் போத்தலைப் பிடுங்காதீர்கள். விட வேண்டும் என்று அவரே சொன்னாலும், வைத்தியரின் பார்வையில் விட வைக்க வேண்டும்.

நாட்பட்டுக் குடிப்பவர்களுக்குச் சாப்பாடு குறைந்து தயமின் என்ற விற்றமின் தீர்ந்துபோயிருக்கும். நடை தள்ளாட்டம், கண் ஆட்டம், ஞாபகக் குழப்பம் இவை குடிக்காத நேரத்திலும் இருந்தால் வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். உடனே ஊசி போட்டால் மீளலாம், தாமதித்தால் ஞாபகசக்தி திரும்ப வராமலே போகலாம்.

ஹெரோயின், ஊரில் சொல்வது தூள். விட்டதும் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம், எலும்பெல்லாம் குத்து. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிராபத்து இல்லை, ஒரு வாரமளவில் தணியும். ஆபத்து அதற்குப் பிறகு. சிறையிலோ புனர்வாழ்விலோ சில வாரம் இருந்து வந்தவர் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுபோகும். வெளியே வந்த முதல் இரண்டு வாரமும் இவரைத் தினமும் யாராவது பார்க்க வேண்டும்.

ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமின். இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்து, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று கத்தியோடு நடப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் வாதாடாதீர்கள், தொடாதீர்கள், குரலைத் தாழ்த்தி இடம் விடுங்கள். இறங்கிய பிறகு பேய்த் தூக்கம் வரும், அதைத் தொடர்ந்து கடும் சோர்வு வரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருவது அப்போதுதான்.

மாத்திரைகள். நித்திரைக் குளிசையும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரேகபலினும் சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும். இவற்றையும் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். வெறும் அட்டை கிடந்தால் எடுத்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

5. மனநோயா, போதையா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்

பெரிய வைத்தியர்களுக்கே முதல் பார்வையில் இது தெரியாது. காதில் குரல் கேட்பதால் குடிப்பவரும் உண்டு, குடியால் குரல் கேட்பவரும் உண்டு. ஐஸால் வந்த சந்தேகமும் குரலும் விட்டபின் பொதுவாகச் சில நாட்களில், சில வாரங்களில் குறையும். ஒரு மாதம் கடந்தும் நின்றால் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார்.

உங்கள் வேலை, பார்த்ததை எழுதி வைப்பது. தனியாகப் பேசுகிறாரா, அது குடிக்காத காலையிலும் நடக்கிறதா, எத்தனை இரவாகத் தூங்கவில்லை, சாப்பாட்டில் நஞ்சு என்று தள்ளுகிறாரா. தெருவில் இருப்பவருக்கு இதைச் சொல்ல வேறு ஆளில்லை. பூக்கடைக்காரரையும் இரவுக் காவலாளியையும் கேளுங்கள், அவர்களுக்குத்தான் நிறையத் தெரியும்.

குரல் கேட்கிறது என்றால் "அப்படி ஒன்றுமில்லை" என்று மறுக்காதீர்கள், "ஓம், எனக்கும் கேட்குது" என்று ஒத்துப்போகவும் வேண்டாம். "எனக்குக் கேட்கல்ல ஐயா, உங்களுக்குக் கேட்கிறது பயமா இருக்கும்" என்பது போதும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இருக்கிறது என்றால் தனியே விடாமல் அன்றே கூட்டிப் போங்கள். சொன்னால் பொலிஸ் பிடிக்கும் என்று பலர் மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றம் இல்லை, அதை அவரிடம் சொல்லுங்கள்.

கட்டாடியாரிடமோ மௌலவியிடமோ ஏற்கெனவே போய் வந்திருப்பார்கள். அதைப் பழிக்காதீர்கள், அவருக்கு அது ஆறுதல். நூல் கையில் இருக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது இருந்தால் மட்டும் உறுதியாகத் தடுக்க வேண்டும்.

6. வைத்தியசாலைக்குப் போகும் நாள்

விடியற்காலையில் சந்தியுங்கள். ஏதாவது சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், வெளிநோயாளர் பிரிவில் நீண்ட நேரம் இருக்க வேண்டிவரும். குளிக்காமல் வரமாட்டேன் என்று வெட்கப்படுகிறவர்கள் உண்டு, அவர்களுக்குக் குளிக்க இடம் ஒழுங்கு செய்யுங்கள். குளிக்க மறுக்கிறவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அந்தச் சண்டையிலேயே நாள் முடிந்துவிடும்.

குடிக்கு அடிமையானவர் அன்று காலை கொஞ்சம் குடித்திருந்தால், அதற்காகப் பயணத்தை நிறுத்தாதீர்கள். நடுக்கத்தோடு வரிசையில் நின்று ஓடிப்போவதைவிட இது மேல். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மட்டும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அடையாள அட்டை இல்லை என்று போகாமல் இருக்காதீர்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், அட்டை பிறகு எடுக்கலாம்.

உள்ளே போனதும் குடியையும் மனநோயையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். "வெறிகாரர், விழுந்துட்டார்" என்று மட்டும் சொன்னால் காயத்துக்கு மருந்து கட்டி அனுப்பிவிடுவார்கள். "மூன்று வருசமா தினமும் கசிப்பு. கடைசியா நேற்று இரவு 9 மணிக்கு. குடிக்காத நேரத்திலயும் குரல் கேட்குது. போன மாதம் ஒருக்கா வலிப்பு வந்தது" என்று எழுதிய தாளைக் கொடுத்தால் கதை வேறாகும். குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், பிறகு மனநோயைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கோபப்படாமல், மனநலப் பிரிவுக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் இரண்டுமே திரும்பி வரும்.

விடுதியில் அனுமதித்தால் பக்கத்தில் நிற்க ஆள் கேட்பார்கள். முதல் மூன்று இரவுக்கு ஆட்களை முறை வைத்து முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். ஆளில்லாததால் இரண்டாம் நாளே எழுந்து போனவர்கள் அதிகம்.

7. வரமாட்டேன் என்றால்

பெரும்பாலும் விட்டுவிட்டு நாளை மீண்டும் வாருங்கள். நடுத்தெருவில் கையைக் காலைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினால் அடுத்த தடவை உங்களைக் கண்டாலே மறைவார்.

தன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் 1990, தேவைப்பட்டால் 119. அதற்குப் பிறகு அவரைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டுமா என்பது வைத்தியரும் நீதிமன்றமும் தீர்மானிக்கும் விசயம், உங்களுடையது அல்ல. "கந்தகாட்டுக்கு அனுப்பிவிடுங்க" என்று, அங்குள்ள போதைப் புனர்வாழ்வு நிலையத்தை நினைத்துக் கடைக்காரர்கள் யோசனை சொல்வார்கள். குரல் கேட்கிற ஒருவரை மனநல வைத்தியர் பார்க்கும் முன் எந்தப் புனர்வாழ்வு நிலையத்துக்கும் அனுப்பச் சம்மதிக்காதீர்கள்.

8. வெளியே வரும் நாளுக்கு முதல் நாளே

துண்டு வெட்டிய அன்று மாலை அதே திண்ணைக்குத் திரும்பினால் அதே கூட்டாளிகள், அதே போத்தல். அதனால் விடுதியில் இருக்கும்போதே படுக்க ஓர் இடம் தேடுங்கள். ஒரு கடையின் பின்னறை, காவல் வேலையோடு ஒரு குடில், உறவினர் வீட்டு விறாந்தை, எதுவானாலும் பூட்டக்கூடிய கதவு வேண்டும். குடித்தால் வெளியே போ என்ற நிபந்தனையோடு வரும் இடம் ஒரு மாதமும் தாங்காது. இடத்துக்கு நிபந்தனை வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்துப் பார்த்த நாடுகளில், ஆட்கள் அந்த வீட்டிலேயே நிலைத்திருந்தார்கள். கனடாவில் ஐந்து நகரங்களில் செய்த பெரிய ஆய்விலும் அதையே கண்டார்கள்.

குளிசையைத் தெருவில் வைத்திருக்க முடியாது. மழையில் நனையும், களவு போகும், விற்கவும் நேரும். இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருதடவை போடும் ஊசி பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குளிசைதான் என்றால் அவருக்குப் பிடித்த தேத்தண்ணிக் கடையில் சம்மதத்தோடு வைத்து, தினமும் அங்கே விழுங்கச் செய்யலாம். குடிக்கிறவருக்குத் தெரியாமல் சோற்றில் குடிவெறுப்பு மருந்து கலக்கவே கலக்காதீர்கள். அதன் மேல் சாராயம் போனால் இதயம் நின்றுவிடலாம்.

கிளினிக் கொப்பியை ஒவ்வொரு தடவையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் வந்தால் ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள், கொப்பியும் போய்விடும். யார் எங்கே படுக்கிறார் என்ற உங்கள் பட்டியலை ஐப்பசியிலேயே புதுப்பியுங்கள்.

9. அட்டையும் கொடுப்பனவும்

ஆள் கொஞ்சம் தெளிந்த பிறகு செய்யுங்கள், முன்னே செய்தால் அலைச்சலில் சலித்துப்போவார். அடையாள அட்டை தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறகு பிறப்புச் சான்றிதழ், பிறகு கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகம். நிரந்தர முகவரி இல்லாததுதான் தடையாக வரும். கடைசியாகக் குடும்பத்தோடு இருந்த பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் இருந்து தொடங்குங்கள். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கான விண்ணப்பமும் இதற்குப் பிறகுதான்.

10. வீட்டாரிடம் போவது

அவர் சம்மதித்தால் மட்டும். வாகரையிலோ படுவான்கரையிலோ ஒரு வீடு இருக்கும், அடிபட்டு ஓய்ந்த ஒரு மனைவி இருப்பார். "கூட்டிப் போங்க" என்று கேட்டு நிற்காதீர்கள். முதலில் அவர்கள் பட்டதைக் கேளுங்கள். பிறகு, மாதம் ஒருதடவை கிளினிக்குக்கு வந்து பார்ப்பீர்களா என்று மட்டும் கேளுங்கள். சிறிய கேள்விக்குச் சம்மதம் கிடைக்கும். வீட்டில் அடி உதை நடந்திருந்தால் திருப்பி அனுப்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மனைவிக்கும் உதவி வேண்டும், பெண்களுக்கான 1938 இலக்கத்தைக் கொடுங்கள்.

11. மறுபடியும் குடித்தால், காணாமல் போனால்

குடிப்பார். அதை நோயின் ஒரு பகுதியாக எடுத்து, 3ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முதல் நாள் என்ன நடந்தது, ஊசி தவறியதா என்று கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும். சம்பளம் கிடைக்காதது, ஒரு திவசம், ஒரு அடி.

காணவில்லை என்றால் கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை பஸ் நிலையங்களில் உள்ள ஆட்களை முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த ஊருக்கு பஸ் ஏறியிருப்பார். அங்கே கண்டால் இழுத்து வர வேண்டியதில்லை. அந்த ஊர் மனநல கிளினிக்குக்குக் கொப்பியின் படத்தையும், கடைசி ஊசி போட்ட திகதியையும், அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் அனுப்பிவையுங்கள்.